பாவம் போயிற்றா?

பாபநாசத்துப் படித்துறையில் ஒரு நாள் காலை நின்று பாருங்கள், தோழர்களே! பொதிகையில் பிறந்த பொருநை, மலைமடி விட்டிறங்கி மண்ணில் அடியெடுத்து வைக்கும் இடம் அது. மேலே அணை, அதற்குக் கீழே அகத்தியர் அருவி, அதற்கும் கீழே நீண்டு விரியும் நெல்வயல். காருக்கும் பிசானத்துக்கும் அந்த நீரே உயிர். நெல்லைச் சீமையின் குடிநீரும் அதுவே, கூழும் அதுவே.

அந்த ஆற்றிலே நாள்தோறும் ஒரு வேடிக்கை நடக்கிறது. தொலைதூரத்திலிருந்து வருகிறார்கள். முங்கி எழுகிறார்கள். உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விடுகிறார்கள். புதுத்துணி கட்டிக்கொண்டு கரையேறுகிறார்கள். பழைய துணியோடு பழைய பாவமும் போய்விட்டதாம்! ஊரின் பெயரே பாபநாசம். பாவம் நாசமாகும் இடம்!

பாவம் போயிற்றா என்பதை எந்தக் கருவி கொண்டும் அளக்க முடியாது. துணி போகவில்லை என்பதை மட்டும் நம் கண்ணே காண்கிறது. அது பாறை இடுக்கிலே சிக்குகிறது. படித்துறையின் அடியிலே படிகிறது. மீனின் வழியை மறிக்கிறது. பிறகு ஊர் இளைஞர்களும் தன்னார்வத் தொண்டர்களும் இடுப்பளவு நீரில் இறங்கி, ஈரத் துணியை டன் டன்னாக அள்ளிக் கரையிலே குவிக்கிறார்கள். ஒருவர் கழுவிவிட்ட பாவத்தை இன்னொருவர் தோளிலே சுமக்கிறார்! பாவத்தைக் கழுவுவது என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான்: நம் கண்ணிலிருந்து மறைத்து அடுத்தவன் காலடியில் தள்ளுவது.

இந்தப் பீடிகை எதற்கு? சொல்லுகிறோம்.

எங்கள் படிப்பகத்திலே கோடை விடுமுறையில் ஒரு வழக்கு எழுந்தது. மாணவர்கள் சுவரிலே வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு படத்துக்குத்தான் வசதி இருந்தது, முன்மொழியப்பட்டவையோ இரண்டு. இரண்டுமே நம் மண்ணின் படங்கள், இரண்டிலும் நெல்லைத் தமிழ் மணக்கிறது. ஒன்று 2015ஆம் ஆண்டு வந்த 'பாபநாசம்'. மற்றொன்று 2018ஆம் ஆண்டு வந்த 'பரியேறும் பெருமாள்'. "ஆசிரியர் சொல்லட்டும்" என்று தீர்ப்பை நம் தலையிலே கட்டினார்கள்.

"பின்னதைப் பாருங்கள், முன்னதை விடுங்கள்" என்றோம். உடனே எழுந்தது எதிர்ப்பு. "ஊர்ப் பெயர் வைத்த படத்தை ஊரிலே காட்டக்கூடாதா?" என்றான் ஒருவன். "தடை விதிக்கிறீர்களா, ஐயா?" என்றாள் ஒருத்தி.

கேள்வி நியாயமானது. 1952ஆம் ஆண்டு 'பராசக்தி' வந்தபோது, அதைத் தடை செய்யவேண்டும் என்று கூக்குரலிட்டவர்கள் யார் என்பதை நாம் அறிவோம். தடைக்கு எதிராக நின்றவர்களின் வழி வந்த நாம், தடைக்கோலை நம் கையிலே ஏந்துவதா? ஒருநாளும் இல்லை. எந்தப் படத்தையும் எவரும் பார்க்கலாம். நாம் பேசுவது தெரிவைப் பற்றி. இருக்கும் ஒரு மாலைப் பொழுதை, கூடியிருக்கும் நாற்பது இளம் உள்ளங்களை, எதன் முன்னே உட்கார வைப்பது? தடை செய்பவன் காரணம் சொல்லவேண்டியதில்லை. அதிகாரம் போதும் அவனுக்கு. பரிந்துரைப்பவன் காரணம் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே சொல்லுகிறோம்.

முதலில் 'பாபநாச'த்தின் பெருமையை ஒளிக்காமல் பேசுவோம். 2013ஆம் ஆண்டு மலையாளத்தில் வந்த 'திருஷ்ய'த்தின் தமிழ் வடிவம் அது. இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். அந்தக் கதை தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், சீனம் எனப் பல மொழிகளுக்குப் பயணம் போயிற்று. தமிழிலே கமல்ஹாசன் சுயம்புலிங்கமாக வாழ்ந்தே காட்டினார். ஜெயமோகனின் உரையாடலில் நம் வட்டாரப் பேச்சு உயிரோடு உலவுகிறது. திரைக்கதையோ கடிகாரப் பொறிபோல் பிசகாமல் ஓடுகிறது. கலை குறைந்த படம் என்று ஒருவரும் சொல்லமுடியாது. கலை நிறைந்திருப்பதனாலேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கசக்கும் நஞ்சை எவன் குடிப்பான்?

கதை இதுதான். கேபிள் தொலைக்காட்சி நடத்தும் ஓர் எளியவன், அதிகம் படிக்காதவன், பார்த்த திரைப்படங்களே அவன் கற்ற கல்வி. அவனுடைய மூத்த மகள், பள்ளி மாணவி, முகாமுக்குச் சென்ற இடத்தில் குளிக்கும்போது ஒருவன் மறைந்திருந்து கைப்பேசியிலே படமெடுத்துவிடுகிறான். காவல்துறை உயர் அதிகாரியின் மகன் அவன். படத்தைக் காட்டி மிரட்டுகிறான். தாயும் மகளும் அவன் முன்னே கைகூப்பிக் கெஞ்சுகிறார்கள். அவன் தாயிடமே தகாத விலை பேசுகிறான். ஆத்திரத்தில் மகள் ஓங்கிய அடி அவன் உயிரைக் குடிக்கிறது. உடலைப் புதைக்கிறார்கள். பிறகு தந்தை ஒரு பொய்யுலகையே கட்டுகிறான். நடந்த நாளை நடக்காத நாளாக மாற்றுகிறான். மனைவிக்கும் மக்களுக்கும் பொய்யைப் பாடமாக ஓதுகிறான். சின்னஞ்சிறு மகளையும் அந்தப் பாடத்திலே தேர்ச்சிபெற வைக்கிறான். முடிவில் அந்த உடல் கிடப்பது புதிதாகக் கட்டிய காவல்நிலையத்தின் தரைக்கடியிலே! கொட்டகை கைதட்டுகிறது.

நாமும் தட்டினோம், தோழர்களே. மறைப்பானேன்? கல்லூரி நாளில் நண்பர்களோடு அமர்ந்து, கை சிவக்கத் தட்டினோம். தட்டிய கையைப் பின்னர் நாமே வெறித்துப் பார்க்கும்படி ஒன்று நேர்ந்தது.

ஆசிரியத் தொழில் ஏற்ற முதலாண்டு. நம் வகுப்பிலே நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி திடீரென வருவதை நிறுத்தினாள். ஒருவன் கைப்பேசியில் அவளுடைய படமொன்றை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான் என்று தோழிகள் வழியே தெரிந்தது. வீட்டுக்குச் சென்றோம். தாய் கதவைப் பாதி திறந்து, பாதிக் குரலில் சொன்னார்: "மானம் போயிரும் சார். வெளியே தெரியவேண்டாம். அவளைப் பெரியம்மை வீட்டுக்கு அனுப்பிட்டோம். நீங்களும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கிடுங்க." நாம் தலையாட்டிவிட்டுத் திரும்பினோம். பள்ளியிலே வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சுழி போட்டோம். ஆம்! நாமும் ஒரு குழி தோண்டினோம். சுயம்புலிங்கம் புதைத்தது இறந்தவனை. நாம் புதைத்தது உயிரோடிருந்த ஒரு பெண்ணின் படிப்பை.

அந்த வீட்டிலே மானம் எங்கே போயிற்று? யாருடைய மானம் போயிற்று? திருடியவன் தெருவிலே சீட்டியடித்துத் திரிகிறான். பொருளைப் பறிகொடுத்தவள் ஊரைவிட்டு ஓடுகிறாள்! உலகில் வேறெந்தக் குற்றத்துக்காவது இப்படியொரு முறை உண்டா? நகையைப் பறிகொடுத்தவள் நாணித் தலைகுனிகிறாளா? வயலிலே நெல்லைப் பறிகொடுத்தவன் வடக்கே ஓடுகிறானா? மறைந்திருந்து படமெடுத்தவனுக்கன்றோ வெட்கம் வரவேண்டும்? ஒரு பெண்ணின் உடலைப் பெட்டியாக்கி, குடும்பத்தின் மானம் முழுவதையும் அதற்குள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம். பூட்டை உடைத்தவனை விட்டுவிட்டுப் பெட்டியைத் தண்டிக்கிறோம்.

'பாபநாசம்' படத்தின் மீது நம்முடைய முதற் குற்றச்சாட்டு இதுவே. அந்தப் பெட்டியை அது உடைக்கவில்லை. இன்னும் ஒரு பூட்டுப் போட்டு இறுக்குகிறது. தாயும் மகளும் கெஞ்சும் அந்தக் காட்சியிலே, "மகளே, இதில் உனக்கென்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவன் அவனல்லவா?" என்று அந்தப் பெண்ணை நிமிர்த்தும் ஒரு சொல்லுக்காக நாம் காத்திருக்கிறோம். அந்தச் சொல் வரவில்லை. வந்திருந்தால், அந்தக் கைப்பேசி அந்த நொடியே வெறும் கண்ணாடித் துண்டாகியிருக்கும். மிரட்டலின் பலம் மிரட்டுபவன் கையில் இல்லை. மிரளுபவர் நெஞ்சிலே நாம் விதைத்து வைத்த அச்சத்தில் இருக்கிறது.

இரண்டாவது, பொய். "குடும்பத்தைக் காக்கச் சொன்ன பொய்தானே! வள்ளுவரே பொய்க்கு இடம் கொடுத்திருக்கிறாரே!" என்று வாதாடுவார் உண்டு. கொடுத்தார், ஆனால் எதற்குக் கொடுத்தார்? குற்றம் கலவாத நன்மை விளையுமானால் மட்டும் என்று வேலி கட்டியல்லவா கொடுத்தார்! சுயம்புலிங்கத்தின் பொய்யிலே விளைந்த நன்மை, குற்றம் கலவாததா? பெற்ற மகன் இருக்கிறானா, இறந்தானா என்றறியாமல் ஒரு தாய் அலைகிறாள். அவள் அதிகாரத் திமிரிலே ஆடியவள்தான், ஆனாலும் தாய். சிறு பெண்குழந்தையொன்று, வாழ்வின் முதற் பாடமாகப் பொய்ச்சாட்சி சொல்லக் கற்றது. மூத்தவளோ, தன்மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை அறியாமலே, வாழ்நாள் முழுதும் அச்சத்தில் நடுங்கப்போகிறாள். குடும்பம் காப்பாற்றப்பட்டதா? சிறையிலிருந்து காப்பாற்றப்பட்டது, அச்சத்திலிருந்து காப்பாற்றப்படவில்லை. படத்தின் இறுதியில் சுயம்புலிங்கமே, இறந்தவனின் பெற்றோர் முன்னே, சொல்லியும் சொல்லாமலும் உடைந்து அழுகிறான். கழுவப்பட்ட பாவம் ஏன் அழுகிறது? துணி இன்னும் ஆற்றிலே கிடக்கிறது!

இந்தக் கதை இப்படித்தான் முடியவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019ஆம் ஆண்டு சீனத்தில் எடுத்தபோது, அங்கே தந்தை இறுதியில் தானே முன்வந்து சரணடைகிறான். நம்மவர்களோ தப்பித்தலையே வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

இங்கேதான் நம் மாணவன் ஒருவன் எழுந்து ஓர் ஈட்டியை எறிந்தான். "ஐயா, நீங்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய். ஏழை காவல்நிலையம் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும், தம்பி. சாத்தான்குளத்திலே 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் தந்தையும் மகனுமாக இருவர் காவலில் எடுக்கப்பட்டுப் பிணமானதை நாடு மறக்கவில்லை. 2023ஆம் ஆண்டு, நம் ஊருக்குக் கூப்பிடு தொலைவிலே இருக்கும் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பற்களைப் பிடுங்கியதாகக் காவல் அதிகாரி ஒருவர்மீதே புகார் எழுந்தது. பணியிடை நீக்கமும் வழக்கும் தொடர்ந்தன. அந்தப் படத்திலேயும் காவலர்கள் குழந்தையை அடிக்கிறார்கள். அது பொய்க் காட்சியன்று. உன் ஈட்டி நம் நெஞ்சிலே பாய்ந்துவிட்டது, மறுக்கமாட்டோம்.

ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு படம் எங்கே போயிற்று என்று பார். காவல்துறையைத் திருத்தப் போயிற்றா? அதிகாரி மகனுக்கொரு நீதி, கேபிள்காரன் மகளுக்கொரு நீதி என்ற நிலையை மாற்றப் போயிற்றா? இல்லை. "சட்டம் உனக்கு இல்லை, ஆகவே சாமர்த்தியம் கற்றுக்கொள்" என்றது. சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? சுயம்புலிங்கத்தின் மூளை இல்லாத தந்தையின் மகள் என்ன செய்வாள்? தந்தையே இல்லாதவள் என்ன செய்வாள்? நீதி என்பது பத்துப் பேரில் ஒரு சூரனுக்குக் கிட்டும் பரிசன்று. பத்தாவது ஆளான ஏழைக்கும் கிட்டவேண்டிய உரிமை.

சட்டமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. பெண்ணை அவளறியாமல் படமெடுப்பது குற்றம் என்று 2013ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சொல்லிற்று; முதன்முறை செய்தவனுக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தனி அரண். வன்புணர்ச்சி நோக்கத்தோடு தாக்குபவனைத் தடுக்கையில் அவன் உயிரே போனாலும் அது தற்காப்பாகலாம் என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே சொல்லிற்று. அந்தப் பெண்ணுக்கு வாதாட இடமிருந்தது! அவள் வாதாட வேண்டியவள் என்பதையே படம் மறந்துவிட்டது. சிலம்பைக் கையிலேந்தி அரசவை ஏறி வழக்குரைத்தவளைக் காப்பியமாக்கிய நாட்டிலே, வழக்கைக் குழிதோண்டிப் புதைத்தவனுக்குக் கைதட்டல்!

பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் பொள்ளாச்சியிலே ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தார். படமெடுத்து மிரட்டிப் பல பெண்களை வதைத்த கூட்டம் அதனால் வெளிப்பட்டது. அவர் பட்ட பாடு கொஞ்சமா? அடையாளம் மறைக்கப்படவேண்டிய அவருடைய பெயரையே அதிகாரத்தில் இருந்தவர்கள் வெளியிட்டார்கள். ஆயினும் வழக்கு நின்றது. ஆறாண்டுகள் கழித்து, 2025 மே 13 அன்று, கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. அந்த மாணவியும் "மானம் போய்விடும்" என்று வாய்மூடியிருந்தால், அந்த ஒன்பது பேரும் இன்றும் கைப்பேசியோடு திரிந்திருப்பார்கள். மானம் போனது அவருக்கா, அவர்களுக்கா?

ஒரு வீட்டின் மௌனம் ஒரு வீட்டைக் காக்கலாம். ஒருத்தியின் பேச்சு ஊரையே காக்கிறது.

இனி இரண்டாவது படத்துக்கு வருவோம். மாரி செல்வராஜின் முதற் படம், பா. ரஞ்சித் தயாரித்தது. பரியன் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பு இளைஞன் வக்கீலாக வேண்டும் என்ற கனவோடு நெல்லைச் சட்டக் கல்லூரிக்கு வருகிறான். அவன் வளர்த்த கருப்பி என்னும் நாயைச் சாதி வெறியர்கள் தண்டவாளத்திலே கட்டிக் கொன்றதிலிருந்து படம் தொடங்குகிறது. ஆங்கிலம் தெரியாமல் வகுப்பிலே அவமானப்படுகிறான். ஜோதி மகாலட்சுமி என்ற மாணவி அன்போடு கற்றுத்தருகிறாள். அன்பைக் கண்டு அவள் குடும்பம் அஞ்சுகிறது. திருமண வீட்டுக்கு அழைத்துப் பூட்டிய அறையிலே அடிக்கிறார்கள். அவன்மீது சிறுநீர் கழிக்கிறார்கள். பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞரான அவன் தந்தையை நடுத்தெருவிலே உடையுரித்து விரட்டுகிறார்கள்.

அந்தப் படத்திலே ஒரு முதியவர் வருகிறார். சாதி கடந்து காதலித்தவர்களைக் கொல்வது அவருக்குத் தொழிலன்று, தொண்டு! கொன்றபின் விபத்துபோலும் தற்கொலைபோலும் தோன்றும்படி தடயம் துடைப்பதிலே தேர்ந்தவர். குடும்ப மானத்தைக் காக்கும் குலக்காவலர் என்று தம்மைத் தாமே எண்ணிக்கொள்பவர்.

தோழர்களே, சற்றே நின்று இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெண்ணின் உடலிலே குடும்ப மானம் குடியிருக்கிறது என்று நம்புகிறவன். அந்த மானம் வெளியே போகாமலிருக்க உயிரிழப்பைத் தடயமின்றி மறைப்பதில் வல்லவன். இந்த வருணனைக்கு உரியவன் முதற் படத்திலே கதாநாயகன். இரண்டாம் படத்திலே கொலைகாரன்!

இருவரும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. சுயம்புலிங்கத்தின் வீட்டில் நேர்ந்தது திட்டமிடாத தற்காப்பு. முதியவர் செய்வது திட்டமிட்ட கொலை. வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும். நாம் சொல்லுவது வேரைப் பற்றி. இரு மரமும் ஒரே வேரிலிருந்து நீர் குடிக்கின்றன. "மகளின் உடல், குடும்பத்தின் மானம்" என்பதே அந்த வேர். முதற் படம் அந்த வேருக்கு நீர் வார்க்கிறது. இரண்டாவது படமோ மண்ணைத் தோண்டி, "இதோ பார், இதுதான் வேர், இதன் நுனியிலே ஒட்டியிருப்பது இரத்தம்" என்று காட்டுகிறது. அதனால்தான் ஒன்றைப் பாருங்கள் என்கிறோம். மற்றதை விடுங்கள் என்கிறோம்.

நெல்லைக்காரர்களுக்கு இது வெறும் திரைக்கதையா? 2023 ஆகஸ்டு 9 அன்று நாங்குநேரியிலே, ஒரு பட்டியல் சாதி மாணவனை அவனோடு பள்ளியிலே படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கவந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையிலே கட்டும் வண்ணக் கயிறுகளை விலக்கவேண்டும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கவேண்டும் என்றெல்லாம் சொன்னது. ஆம், கயிறு! எந்த நிறம் எந்தச் சாதி என்பதை நம் மாணவர்கள் வாய்ப்பாட்டைவிட விரைவாகச் சொல்லுகிறார்கள். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையிலே ஓர் இளம் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்த காதலே காரணம் என்று வழக்கு. படம் வந்து ஏழாண்டு கழித்து! கொட்டகையில் அழுதவர்கள் வீட்டுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டார்கள் என்றுதானே பொருள்?

ஆகையால் ஒரு படம் உலகைத் திருத்திவிடும் என்று நாம் மயங்கவில்லை. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கும் படம், தவறான விடைக்குக் கைதட்ட வைக்கும் படத்தைவிட மேலானது. பரியன் பழிவாங்கியிருக்கலாம், கொட்டகை கைதட்டியிருக்கும். அவன் செய்தது வேறு. தன்னைக் கொல்ல ஆளனுப்பிய வீட்டின் தந்தையோடு எதிரெதிரே நின்று பேசுகிறான். நீங்கள் மாறாதவரை எதுவும் மாறாது என்பதை அவருக்கு உணர்த்துகிறான். கடைசியில் திரையிலே தெரிவன இரண்டு தேநீர்க் குவளைகள். இடையிலே ஒரு மல்லிகைப் பூ. இரட்டைக் குவளை கண்ட நாட்டிலே, பக்கத்துப் பக்கத்திலே வைத்த இரண்டு குவளைகள்! சமத்துவத்தை இதைவிடச் சிக்கனமாகச் சொல்லமுடியுமா? சமரசம் என்று இதைக் குறைசொல்பவர்களும் உண்டு. நாம் அதைத் தொடக்கம் என்கிறோம்.

படிப்பகத்திலே வேட்டித் திரையில் அந்தப் படமே ஓடிற்று. முடிந்ததும் நெடுநேரம் அமைதி. உண்மையைச் சொல்லவேண்டும்: ஒருவனும் எழுந்து கயிற்றை அறுத்தெறியவில்லை. முன்வரிசையிலே இருந்த ஒருவன் மட்டும் இடக்கையால் வலக்கை மணிக்கட்டை மூடிக்கொண்டான். பிறகு ஒரு மாணவி எழுந்தாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள்.

"பரியனுக்கு நடந்த கொடுமையெல்லாம் ஜோவுக்குத் தெரியவே இல்லையே, ஐயா. அவள் அப்பாவின் குற்றத்தை அவளிடமிருந்து பரியனும் மறைத்துவிட்டானே. அவளை வருத்தக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அவளைப் பற்றித்தான் எல்லாச் சண்டையும். அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அது சரியா?"

நாம் திகைத்துவிட்டோம். சுயம்புலிங்கத்தைக் கூண்டில் ஏற்றிய நம் வழக்குரைக்கு, அந்தப் பெண் ஒரே கேள்வியிலே மேல்முறையீடு செய்துவிட்டாள்! ஆம், நாம் பரிந்துரைத்த படத்திலேயும் அந்தக் குறை உண்டு. பெண்ணைக் காப்பதாக எண்ணி அவளை இருட்டிலே வைப்பது அங்கேயும் நடக்கிறது. கொடியவன் மறைப்பது ஒரு வகை. நல்லவன் மறைப்பது இன்னொரு வகை. மறைக்கப்பட்டவளுக்கு இருட்டு ஒன்றுதான். குறையற்ற படம் என்று எதையும் நாம் தூக்கிவைக்கவில்லை. தன் குறையையும் கேள்விகேட்கும் துணிவைப் பார்ப்பவளுக்கு ஒரு படம் கொடுத்ததே! அதற்குமேல் வேறென்ன சிறப்பு வேண்டும் அதற்கு?

அந்தக் கேள்வி நம்மையும் விடவில்லை. "யாரும் சொல்லவில்லை" என்ற சொல் நம்மைத்தான் சுட்டிற்று. நாமும் நல்லெண்ணத்தோடுதானே வாய்மூடினோம்! குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை தெரிந்தும் புகார் செய்யாதிருப்பது போக்சோ சட்டப்படி குற்றம் என்பதை அன்று நாம் அறியாமலிருந்தோம். அறியாமை ஆசிரியனுக்கு அழகா?

மறுநாள் அந்த மாணவியின் வீட்டுக் கதவைத் தட்டினோம். இம்முறை கதவு பாதி திறந்தபோது நாம் திரும்பவில்லை. "அம்மா, மானம் போனது உங்கள் மகளுக்கன்று, அவனுக்கு. தவறு செய்தவர்களில் நானும் ஒருவன், அன்றே பேசியிருக்கவேண்டும்" என்றோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொன்னோம். புகார் செய்தால் உடன் நிற்போம் என்றோம். தாய் அழுதார். அவள் ஊர் திரும்பினாள் என்றோ, குற்றவாளி கூண்டேறினான் என்றோ எழுத ஆசை. ஆனால் இன்னும் அவ்வாறு நடக்கவில்லை. தனித்தேர்வராகத் தேர்வெழுத அவள் ஒப்புக்கொண்டாள். புத்தகங்களை அனுப்பி வைத்தோம். புகாரைப் பற்றி அவளே முடிவு சொல்லுவதாகத் தாயிடம் சொல்லியனுப்பியிருந்தாள். "நான் யோசிக்கிறேன்" என்பது அவளுடைய சொல். அவளைப் பற்றிய பேச்சிலே அவளுடைய முதற் சொல்!

பொருநை இன்றும் ஓடுகிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகத் திரண்ட ஊர்வலம் தடியடிக்கு அஞ்சி நெல்லையிலே இந்த ஆற்றில்தான் இறங்கியது. பதினேழு உயிர்கள் போயின. பாவத்தைக் கழுவும் ஆறு என்றால், அந்தப் பாவத்தை இதுவரை ஏன் கழுவவில்லை? ஏனெனில் ஆறு எதையும் கழுவுவதில்லை. போட்டதைக் கொஞ்சதூரம் சுமக்கிறது. பிறகு கரையிலே ஒதுக்குகிறது. இறங்கி அள்ள ஆள் வேண்டும்.

இளைஞர்களே! படம் பாருங்கள், நிறையப் பாருங்கள். பார்த்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் படம் பாவத்தைப் புதைக்கச் சொல்லுகிறதா, எடுத்துக் காட்டச் சொல்லுகிறதா? புதைக்கச் சொன்னால், கலைக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். காட்டச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரரையும் கைப்பிடித்து அழைத்துவாருங்கள். அவரோடு சேர்ந்து அமருங்கள்; முடிந்தபின் சேர்ந்தே தேநீர் குடியுங்கள்.

பாவம் குளித்தால் போவதில்லை. வெளிச்சத்திலே வைத்தால்தான் போகும்.